கடலைக் கொல்லையில் வெள்ளைக்கண்ணு

நான் அவ இல்ல தாயி. அவ வேற.

வர்றவுக எல்லாரும் அதையேதான் கேக்குறாக. வண்டியை விட்டு எறங்குன ஒடனே என் மூஞ்சியைப் பாத்து, "வெள்ளைக்கண்ணு அண்ணன் கேசட்டுல அவர்கூடப் பாடுனது நீங்கதானே?"ங்கிறாக. பாடுனவ பேரு அமுதவல்லி. நான் பொண்டாட்டி. ராக்குன்னு பேரு.

நீ இப்படி வேப்ப நெழலுக்கு வா. ஒன் வீட்டுக்காரரு அங்கன நிக்கட்டும். ஆசை தீர நின்னு பாத்துட்டு வரட்டும். திருப்பூருலேர்ந்தா வர்றீக? அம்புட்டுத் தூரத்துலேர்ந்து, ஒரு பாட்டுக்காரர் கெடக்குற எடத்தைப் பாக்கவா? ஒனக்குப் பாட்டுல விருப்பம் இல்லாட்டியும் அவருக்காகக் கூட வந்திருக்க பாரு, நல்ல புள்ள. தண்ணி குடி. இது பைப்புத் தண்ணி. கெணத்துத் தண்ணி இன்னும் ருசியா இருக்கும். ஆனா கெணறு எங்கண்ணனோடது.

பாத்தியா, போனுல பாட்டைப் போட்டுட்டாரு. வர்றவுக எல்லாம் இதைத்தான் செய்யிறாக. படுத்திருக்க மனுசன் தலைமாட்டுல நின்னு அவ கொரலைப் போடுறாக. என்னமாக் கத்துறா பாரு. நான் ஒண்ணும் சொல்றதில்ல. ஆடு மேயுதான்னு பாக்குற மாதிரி எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்துருவேன்.

என்ன பாட்டு அது? காளான் பாட்டா? எனக்கு எங்க தெரியும். நான் ஒரு பாட்டையும் முழுசாக் கேட்டதில்ல தாயி.

ஏன் சுடுகாட்டுல வைக்காம இப்படிக் கடலைக் கொல்லை நடுவுல வச்சிருக்கீகன்னு கேக்குற. எல்லாரும் கேக்குறதுதான்.

எங்க வீட்டுக்காரவுக போனது ஆடி மாசம். சேதி தெரிஞ்சதும் வேனு வேனா வந்து எறங்குறாக. ரசிகர் மன்றத்துக்காரவுக டவுனுலேர்ந்து வந்துட்டாக. "எங்க ஊருக்குக் கொண்டுபோறோம், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல எடம் பாத்தாச்சு, செல வைக்கிறோம், வருசா வருசம் கச்சேரி நடத்துறோம்"னு அவுக சொல்றாக. எங்க வீட்டுப் பங்காளிக, "அதெப்படி, சுடுகாட்டுல எங்க சித்தப்பன் பக்கத்துலதான் வைக்கணும், அதுதான் மொறை"ன்னு நிக்கிறாக. வாசல்ல ரெண்டு கூட்டமும் மல்லுக்கு நிக்கிது. மாலை போட வந்த சனம் வேடிக்கை பாக்குது. நான் தலைமாட்டுல உக்காந்திருக்கேன். ஒருத்தர் கூட என்னை ஒரு வார்த்தை கேக்கல.

நானும் கேளுங்கன்னு சொல்லல. எந்திரிச்சேன். மூலையில கெடந்த மம்பட்டியைத் தோள்ல வச்சேன். நேரா இங்க வந்து, அந்தா ஒன் வீட்டுக்காரரு நிக்கிறாரே, அந்த எடத்துல வெட்ட ஆரம்பிச்சேன்.

எங்க பக்கத்துல பொம்பள குழி வெட்டுறதாவது! ஊரே ஓடிவருது. எங்கண்ணன் சோலைமலைதான் முன்னால ஓடியாறான். "கிறுக்குச் சிறுக்கி, கொல்லையில பொணத்தை வச்சா எவன் வாங்குவான்? எவன் குத்தகைக்கு எடுப்பான்? இதுல எனக்கும் பாதி இருக்கு தெரியுமில்ல?"ங்கிறான். எங்கப்பா எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா விட்டுட்டுப் போன கொல்லை இது. நான் நிமிந்து பாத்து, "கெணத்துப் பக்கம் பூராவும் நீயே எடுத்துக்க. இந்த மேட்டை மட்டும் எனக்கு விட்டுரு"ன்னேன்.

அவன் கெணத்தைப் பாத்தான், என்னைப் பாத்தான். அப்பறம் என் கையிலேர்ந்து மம்பட்டியைப் பிடுங்கி, மிச்சக் குழியை அவனே வெட்டுனான். அழுதுக்கிட்டே வெட்டுனான். குழி வெட்டுனதும் எங்கண்ணன்தான், கெணத்தை எடுத்துக்கிட்டதும் எங்கண்ணன்தான். அவனைக் கொறை சொல்ல என்ன இருக்கு. அன்னையிலேர்ந்து எனக்கு வானம் பாத்த வெள்ளாமைதான். மழை பேஞ்சா கடலை, பேயாட்டி ஆடு.

ஏன் அப்படி நின்னேன்னா, உசுரோட இருக்கையில ஊரு ஊரா அலைஞ்ச மனுசன் தாயி. வருசத்துல முக்காவாசி நாளு எனக்கு இல்லாத மனுசன். செத்தப்பறமும் பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோயி நிக்க வைக்கணுமா? ஒரு எடத்துல கெடக்கட்டும். என் கண்ணுக்கு முன்னால கெடக்கட்டும்.

அவுகளை நான் மொதல்ல பாத்தது சந்தையில. அப்ப பாட்டுக்காரரு இல்ல. எவர்சில்வர் கடையில கூவி விக்கிற ஆளு. சந்தை நாள்ல பலகை மேல ஏறி நின்னு, கொடத்தைத் தட்டித் தட்டி, அந்தத் தட்டுக்கே பாட்டுக் கட்டி விப்பாக. கத்திரிக்கா வாங்க வந்தவளும் கொடத்தோட போவா. நானும் ஒண்ணு வாங்குனேன். வீட்டுல கொண்டாந்து தண்ணி ஊத்துனா, அடியில ஒழுகுது. விடுவேனா? மறு சந்தைக்குக் கொடத்தைத் தூக்கிட்டுப் போயி, பலகைக்கு முன்னால நின்னு வஞ்சேன் பாரு!

"தொண்டை மட்டும் கணீர்னு இருக்கு, கொடம் ஓட்டை. ஒன் பாட்டைப் பிடிச்சா நான் ஒலை வைக்க? ஊத்துன தண்ணி தரையில நிக்கிது, ஒன்னை நம்புனவ தெருவுல நிக்கிறா!"

சந்தையே சிரிக்குது. அவுக பலகை மேல நின்னுக்கிட்டு என்னையே பாக்குறாக. கடைக்காரரு சத்தம் போட்டதும்தான் நெனப்பு வந்து வேற கொடத்தை எடுத்துக் குடுத்தாக. அடுத்த வாரம் பொண்ணு கேட்டு ஆளு வருது. எங்கப்பாவுக்கு ஒரே கொழப்பம். "நாலு பேரு பாக்க வஞ்சவளையா கேக்குறான்? பழி வாங்கவா இருக்குமோ?"ன்னு யோசிக்கிறாரு. எனக்கும் இன்னைவரைக்கும் அது வெளங்கல. கேட்டா சிரிப்பாக, அம்புட்டுத்தான்.

கலியாணமாகி மறு வருசமே மேடைக்குப் போயிட்டாக. சந்தையில கேட்ட ஒரு கச்சேரிக்காரரு கூட்டிட்டுப் போனாரு. அங்கதான் அமுதவல்லி. புருசன் பொண்டாட்டி சண்டை போடுற மாதிரி பாட்டு. இவுக வீட்டுக்கு லேட்டா வந்து கதவைத் தட்டுற மாதிரி பாடுவாக, அவ இடுப்புல கைய வச்சுக்கிட்டு வாய்க்கு வந்தபடி பாடுவா. கோயில் திருவிழா, பொங்கல், காதுகுத்து, எல்லாத்துக்கும் இவுகளைத்தான் கூப்பிடுவாக. கேசட்டு வந்துச்சு. டீக்கடையில பாடுச்சு, டவுன் பஸ்ஸுல பாடுச்சு. நான் பருத்தி எடுக்கப் போனா, பக்கத்து நிரையில இருக்கவ முணுமுணுப்பா. என்னைப் பாத்ததும் நிறுத்திருவா.

தை பொறந்தா போயிருவாக. மாசி, பங்குனி, சித்திரை, எந்த ஊருல இருக்காகன்னு எனக்குத் தெரியாது. ஐப்பசி மழைக்குத்தான் வீடு. மக பொறந்தது சித்திரையில. இவுக வந்து பாக்குறப்ப பிள்ளை தவழுது. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. "ஏய்யா, நீ என்ன ஆம்பளையா, மழைக்கு மொளைக்கிற காளானா? ஈரம் பாத்தா வர்ற, வெயிலு பாத்தா போற. ஒன் பிள்ளைக்கு ஒன் பேரைச் சொல்லிக் குடுக்கவா, மழை பேரைச் சொல்லிக் குடுக்கவா?"ன்னு கேட்டேன். கோவம் வந்தா எனக்கு மரியாதை எல்லாம் வராது தாயி.

என்ன, ஏன் அப்படிப் பாக்குற? இதுல என்ன இருக்கு, எல்லாப் பொம்பளையும் கேக்குறதுதானே.

நான் கத்தக் கத்த அவுக என்ன செய்வாக தெரியுமா? கட்டில்ல மல்லாந்து, கண்ணை மூடிக்கிட்டுக் கெடப்பாக. திருப்பி ஒரு வார்த்தை பேசணுமில்ல? கோவப்படணுமில்ல? கெடையாது. வெரலு மட்டும் கட்டில் சட்டத்துல தட்டிக்கிட்டே இருக்கும். வாய் முணுமுணுங்கும். நான் மூச்சு வாங்க நிறுத்துனா, ஒரு கண்ணைத் தொறந்து, "அப்பறம்?"பாக. என்ன திமிரு பாரு! "காளானுக்கு அப்பறம் என்னமோ சொன்னியே, அது என்ன?"ம்பாக. மனுசி நொந்துபோயிக் கத்துறேன், கேலி பண்றாக. மழைக்காலம் பூராவும் இதே கதைதான். தை மாசம் துணிமணியை எடுத்து வச்சுக்கிட்டுக் கெளம்புறப்ப மொகத்துல அப்படி ஒரு தெளிச்சி இருக்கும். என் வாயிலேர்ந்து தப்பிச்சுப் போற தெளிச்சின்னு நான் நெனச்சுக்குவேன்.

ஒரே ஒரு தடவை கச்சேரிக்குப் போனேன். பக்கத்து ஊரு பங்குனிப் பொங்கல். எங்கண்ணன் பொண்டாட்டி இழுத்துக்கிட்டுப் போனா. பொம்பளைக கூட்டத்துல முக்காட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். அமுதவல்லி வந்து நிக்கிறா. சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, கையை ஆட்டிக்கிட்டுப் பாடுறா:

"உப்பு வாங்கப் போன மச்சான்
ஊரைச் சுத்தி வந்தீகளோ
உப்பும் இல்ல புளியும் இல்ல
ஒலை கொதிச்சு வத்திப்போச்சு
ஒங்க பாட்டைப் போட்டுத்தானா
கொழம்பு வைக்கச் சொல்லுறீக?"

சனம் விழுந்து விழுந்து சிரிக்குது. பக்கத்துல ஒருத்தி, "என்ன பொருத்தம்டி ரெண்டு பேருக்கும்! நெசப் புருசன் பொண்டாட்டியாத்தான் இருக்கும்"ங்கிறா. இவுக மேடையில அவளைப் பாத்துச் சிரிக்கிறாக தாயி. என் முன்னால அப்படிச் சிரிச்சதில்ல. என் முன்னால கண்ணை மூடிக்கிட்டுல்ல கெடப்பாக? எந்திரிச்சு வந்துட்டேன். அதுக்கப்பறம் எந்தக் கச்சேரிக்கும் போகல. வீட்டுல ரேடியோப் பொட்டியைக் கூட வைக்க விடல.

என்னைப் பத்தி ஒரு பாட்டு கட்டுனதில்ல தாயி. அத்தனை பாட்டு கட்டுனாக. கம்மாயைப் பத்தி உண்டு, பஸ் கண்டக்டரைப் பத்தி உண்டு. கட்டுனவளைப் பத்தி ஒரு வரி உண்டா? நான் வாய் விட்டுக் கேட்டதில்ல. ஆனா மனசுல இருந்துச்சு. இருக்காதா?

அப்பறம் அந்தக் கடைசி வருசம். பங்குனி மாசம், நல்ல திருவிழா நேரம், அவுகளை ஒரு காருல கொண்டாந்து எறக்கி விடுறாக. பேசச் சொன்னா காத்துத்தான் வருது. தொண்டையில கட்டி. மதுரையில பெரிய டாக்டரு பாத்துட்டு, குரல் இனி வராதுன்னுட்டாரு. மத்ததையும் என்கிட்டத் தனியாச் சொன்னாரு.

அழுதேன். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனக்காத. உள்ளுக்குள்ள ஒரு சந்தோசமும் இருந்துச்சு. பங்குனி மாசத்துல என் புருசன் என் வீட்டுல. சித்திரையில என் வீட்டுல. மக கலியாணத்துக்கே முகூர்த்தத்துக்குத்தான் வந்து நின்ன மனுசன், இப்ப காலையில எந்திரிச்சா கட்டில்ல இருக்காக.

நான் அன்னைக்கே ஒரு முடிவு எடுத்தேன். இனிமே வையிறதில்ல. நோயாளி மனுசன், அவுகளைப் போயி வையலாமா? வாழ்நாள் பூராவும் என் வாயிலதான் அடிபட்டாக, கடைசிக் காலத்துலயாவது நிம்மதியா இருக்கட்டும்னு வாயைக் கட்டிட்டேன். "கஞ்சி குடிக்கிறீகளா, தலையணையை ஒசத்தி வைக்கவா, வலிக்குதா"ன்னு மெல்லமாக் கேப்பேன். பூப்போல வச்சிருந்தேன். ஒரு வார்த்தை கடுமையாச் சொல்லல. கஞ்சியைக் கொட்டுனாலும் சிரிச்ச மொகமாத் தொடச்சு எடுப்பேன்.

ஆனா அவுகளுக்கு என்ன கொறையோ, தெரியல. கொட்டுறதே வேணும்னு கொட்டுற மாதிரி இருக்கும். தம்ளரைத் தள்ளி விட்டுட்டு என் மொகத்தைப் பாப்பாக. நான் ஒண்ணும் சொல்லாமத் தொடச்சா, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாக. சில நாளு என் சேலைத் தலைப்பைப் பிடிச்சு இழுத்து, என் வாயைத் தொட்டுக் காட்டுவாக. "என்ன வேணும், பசிக்குதா?"ம்பேன். இல்லன்னு தலையை ஆட்டுவாக. மறுபடியும் என் வாயைக் காட்டுவாக. என்னான்னு கண்டேன்? ஒன் வாயை இப்படியே மூடிக்கன்னு சொல்றாகன்னு நெனச்சேன். "நான்தான் ஒண்ணுமே பேசலையே, இன்னும் என்ன"ன்னு மனசுக்குள்ள ஒரு வருத்தம். அதையும் வெளிய காட்டல.

வைகாசியில அமுதவல்லி வந்தா. மாம்பழம் வாங்கிட்டு வந்தா. அப்பத்தான் அவளைப் பக்கத்துல பாக்குறேன். மேடையில இருந்த மினுக்கு ஒண்ணும் இல்ல. நரைச்சுப்போச்சு, மூட்டு வலி. என்னை அக்காங்கிறா, அவுகளை அண்ணேங்கிறா. மேடையில மச்சான், எறங்குனா அண்ணன். இருக்கட்டும். கட்டில் பக்கத்துல உக்காந்து அவுக கையைப் பிடிச்சு அழுதா. நான் அவுகளுக்குக் கஞ்சி குடுத்தேன். பாத்துக்கிட்டே இருந்தவ, "அக்கா, நீங்க எப்பவும் இப்படித்தான் பேசுவீகளா?"ங்கிறா.

"எப்படிப் பேசுறேன்?"

"நர்சம்மா மாதிரி."

"பின்ன, நோயாளிக்கிட்ட எப்படிப் பேசுறது?"

அவ அவுகளைத் திரும்பிப் பாத்தா. அப்பறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, அண்ணன் ஒவ்வொரு மழைக்காலமும் வீட்டுக்கு வந்துட்டுப் போயித்தான் புதுப் பாட்டோட வருவாரு. நான் ஒண்ணும் புதுசாப் பாடலக்கா. ஒரு தடவை, எனக்காக, அவரை வைங்க. நல்லா வாய் நெறைய வைங்கக்கா"ங்கிறா.

எப்படி இருக்கும் எனக்கு? என் வீட்டுக்குள்ள வந்து, என் புருசன் சாகக் கெடக்கையில, என்னை வாயாடின்னு குத்திக் காட்டுறா. நீ வஞ்சு வஞ்சுதான் மனுசன் வீடு தங்கலன்னு சொல்லாமச் சொல்றா. நறுக்குன்னு கேட்டிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. திரும்பிப் பாத்தா, அவுக கட்டில்ல கெடந்தபடி என்னைப் பாத்து ரெண்டு கையையும் கூப்புறாக. கண்ணுல தண்ணி வழியுது. சண்டை போடாதேன்னு கும்பிடுறாகன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. சரின்னு கோவத்தை முழுங்கிட்டு, அவளுக்குக் காப்பி போட்டுக் குடுத்து அனுப்புனேன்.

அதோட அவளும் பாட்டை விட்டுட்டா. இவுக போனப்பறம் வேற ஆளோட பாடக் கூப்பிட்டாகளாம். "அதெல்லாம் ராக்கு அக்கா பாட்டு, இனிமே எனக்குப் பாட்டு எங்கேர்ந்து வரும்"னு சொல்லிட்டாளாம். நான் என்னமோ அவ பொழப்பைத் தடுத்துட்ட மாதிரி. நான் என்ன செஞ்சேன் அவளுக்கு? சொல்லு.

ஆடி மாசம் அவுகளுக்கு ரொம்ப முடியாமப் போச்சு. கையை ஒசத்தக் கூட முடியல. வெரலு மட்டும் அசையும். அன்னைக்கு நல்ல வெயிலு. வாசல்ல அவிச்ச நெல்லைக் காயப் போட்டுட்டு, உள்ள வந்து அவுக நெத்தியைத் தொடச்சு விட்டுட்டு, அடுப்பங்கரைக்குப் போனேன். எட்டிப் பாத்தா, எதுத்த வீட்டு ஆடு நெல்லுல வாயை வச்சுக்கிட்டு நிக்கிது.

அவ்வளவுதான் தாயி. பங்குனியிலேர்ந்து அடக்கி வச்ச வாயி. எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. வாரியக் கட்டையை எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னேன்.

"ஏண்டி, ஒனக்கு வீடு இல்லையா வாசல் இல்லையா? ஊரெல்லாம் மேயத் தெரியுது, வந்த வழி திரும்பத் தெரியலையா? நட்ட காடும் நீ பாக்கல, அறுத்த நெல்லும் நீ பாக்கல, அவிச்சு ஆற வச்சதும் தாடியை ஆட்டிக்கிட்டு வந்துட்டியா? எவ வீட்டுல பொழுது விடிஞ்சுச்சு? எவ குடுத்த தண்ணி குடிச்ச? ஒன்னைக் கட்டிப் போட ஒலகத்துல ஒரு கயிறு இல்லையா? இனி ஒரு தடவை என் வாசலை மிதி, ஒன் காலை ஒடிச்சு என் கட்டில் காலோட கட்டுறேன் பாரு!"

ஆடு எப்பவோ ஓடிப்போச்சு. நான் நிறுத்தல. எதுத்த வீட்டுக்காரி வெளிய வந்து பாக்குறா. என்னென்னமோ பேசுறேன், நெஞ்சு வெடிக்கிற மாதிரி பேசுறேன், பேசப் பேச அழுகையா வருது. அப்பறம்தான், ஐயையோ, உள்ள மனுசன் தூங்குறாகளேன்னு நெனப்பு வந்து ஓடுனேன்.

உசுரு போயிருச்சு. இப்பத்தான் போயிருக்கு, சூடு அப்படியே இருக்கு. செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தவுக, எப்படித் திரும்புனாகளோ, வாசப் பக்கம் திரும்பியிருக்காக. கண்ணு மூடியிருக்கு. வெரலு கட்டில் சட்டத்து மேல இருக்கு. மொகத்துல ஒரு சிரிப்பு. வலி விட்டுப்போனா மொகம் அப்படித் தெளிஞ்சுரும்னு குளிப்பாட்ட வந்தவுக சொன்னாக. இருக்கும்.

எனக்கு அது ஒண்ணுதான் ஆறல. அத்தனை மாசம் பல்லைக் கடிச்சு வாயைக் கட்டுனேன். கடைசியில அவுக காதுல விழுந்து போனது என் வசவுதானே? ஒரு நல்ல வார்த்தை இல்ல, சாமி பேரு இல்ல. ஆட்டை வஞ்ச வசவு.

நீ ஏன் தாயி அழுகுற? அழாத. என்ன, என்னமோ சொல்ல வர்ற? வேணாம், விடு. வர்றவுக எல்லாம் ஏதாவது சமாதானம் சொல்லத்தான் செய்யிறாக, எனக்குப் பழகிப்போச்சு. மூஞ்சியைத் தொடச்சுக்க. அந்தா, ஒன் வீட்டுக்காரரு பாட்டை நிறுத்திட்டு வர்றாரு. அவரும்ல கண்ணைத் தொடச்சுக்கிட்டு வர்றாரு! நல்ல மனுசன்.

ஒண்ணு மட்டும் சொல்றேன், பெரியவ சொல்றேன்னு கேட்டுக்க. அவரை வையாத. கோவம் வந்தாலும் முழுங்கிரு, தன்மையாப் பேசு. பாத்துப் போயிட்டு வாங்க, ரோடு மேடும் பள்ளமுமா இருக்கும்.

நான் இனிமே போயி அவுக பக்கத்துல உக்காருவேன். ஆடு அடையிற வரைக்கும் உக்காந்திருப்பேன். அங்க உக்காந்தா நான் வாயே தொறக்கிறதில்ல. இப்பவாவது அவுக நிம்மதியாத் தூங்கட்டும்.